திருச்சபைப் பேரவையும் பாராளுமன்றமும்: இங்கிலாந்துத் திருச்சபையின் தன்னாட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

‘தேசியத் திருச்சபை’ என்னுந் தொடர் தன்னுள்ளேயே ஒரு முரண்பாட்டைக் கொண்டதாகும். ஒரு திருச்சபை தேசம் முழுவதற்கும் உரியதெனின், அத்தேசத்தின் பிரதிநிதிகள் கூடும் பாராளுமன்றமே அதனை ஆளுதல் முறை. அது விசுவாசிகளுக்கு மாத்திரம் உரியதெனின், அவ்விசுவாசிகள் தெரிந்தெடுக்கும் சபையொன்றே அதனை ஆளுதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை இவ்விரண்டனுள் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முயன்றது. அம்முயற்சி சட்டவடிவம் பெற்றது 1919ஆம் ஆண்டிலாகும்.

எட்டாம் ஹென்றியின் காலத்திலிருந்தே இப்பிரச்சினை தொடங்குகின்றது. 1532இல் குருமார் அரசனுக்குப் பணிந்தனர். அரசனின் ஆணையின்றித் தாம் கூடுவதில்லை எனவும், அவன் அனுமதியின்றிப் புதிய திருச்சபை விதிகளை இயற்றுவதில்லை எனவும் உடன்பட்டனர். கன்ரபரி, யோர்க் ஆகிய இரு மாகாணங்களிலும் கூடிவந்த குருமார் மன்றங்கள் அதன்பின் அரச கட்டுப்பாட்டுக்குட்பட்ட அமைப்புகளாயின. 1717இல், பாங்கர் ஆயராயிருந்த பெஞ்சமின் ஹோட்லியின் பிரசங்கமொன்று பெருஞ் சர்ச்சையைக் கிளப்பியபோது, கன்ரபரிக் குருமார் மன்றம் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் அது பொருளுடன் விவாதிக்கத் தொடங்கியது 1852இலேயே. ஏறத்தாழ 135 ஆண்டுகள் ஒரு தேசியத் திருச்சபை தனக்கென வாய்திறந்து பேசும் மன்றமின்றி இயங்கியது!

அக்காலத்தில் இஃது எவரையும் பெரிதும் வருத்தியதாகத் தெரியவில்லை. பாராளுமன்றம் அங்கிலிக்கரின் சபையாகவே இருந்தமையால், அது திருச்சபையின் பொதுநிலையினர் மன்றமாகவுங் கருதப்படலாயிற்று. இக்கருத்தின் அடித்தளம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சரிந்தது. 1828இல், இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத புரட்டஸ்தாந்தர் மீதிருந்த சட்டத்தடைகள் நீங்கின. 1829இற் கத்தோலிக்கரும், 1858இல் யூதரும் பாராளுமன்றத்திற் புகும் உரிமை பெற்றனர். ஜனநாயக நோக்கில் இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயின் இவற்றால், திருச்சபையின் வழிபாட்டையும் கோட்பாட்டையும் அச்சபையைச் சாராதோரும் தீர்மானிக்கும் நிலை தோன்றியது. 1850இல் ஞானஸ்நானத்தின் பயன் பற்றிய கோறம் வழக்கில் இறுதித் தீர்ப்பை வழங்கியது கோமறைக் கழகத்தின் நீதிக்குழுவாகும். 1874ஆம் ஆண்டின் பொதுவழிபாட்டு ஒழுங்குச் சட்டத்தின் விளைவாகச் சில குருமார், சடங்குகளில் தடைசெய்யப்பட்ட முறைகளைப் பின்பற்றியமை தொடர்பில் சிறை செல்லவும் நேர்ந்தது. மெழுகுதிரியும் மேலாடையும் நீதிமன்றப் பிரச்சினைகளானமை இன்றைய வாசகருக்கு விநோதமாகத் தோன்றலாம். சிறைசென்றவர்களுக்கு அவை விநோதமாயிருக்கவில்லை.

பாராளுமன்றம் திருச்சபையைக் கொடுமையாக ஆண்டது என்பதைவிட, அதனை ஆளவே அதற்கு நேரமிருக்கவில்லை என்பதே உண்மைக்கு நெருங்கியது. 1880க்கும் 1913க்கும் இடையிற் பொதுமக்கள் சபையிற் சமர்ப்பிக்கப்பட்ட திருச்சபை தொடர்பான சட்டமூலங்கள் 217. அவற்றுட் சட்டமானவை 33 மாத்திரமே. ஒன்று நிராகரிக்கப்பட்டது. எஞ்சிய 183உங் கைவிடப்பட்டன. அவற்றிலும் 162 விவாதத்திற்கே வரவில்லை. அயர்லாந்துப் பிரச்சினையும் தொழிலாளர் பிரச்சினையும் பேரரசின் பிரச்சினைகளும் நிறைந்த சபையிலே, புதியதொரு மறைமாவட்டத்தை அமைப்பதற்கோ ஒரு பங்கின் வருமானத்தைச் சீர்செய்வதற்கோ எவர் நேரம் ஒதுக்குவர்?

இதற்கு மாற்றாக 1904 முதல் கூடிய திருச்சபைப் பிரதிநிதிகள் கழகத்திற்குச் சட்ட அதிகாரம் எதுவுமிருக்கவில்லை. 1913இற் பேராயர்கள் நியமித்த குழுவொன்று, செல்போண் பிரபுவின் தலைமையில் ஆராய்ந்து 1916இல் அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டில் வில்லியம் ரெம்பிள், டிக் ஷெப்பட் முதலியோர் ‘வாழ்வும் விடுதலையும்’ என்ற இயக்கத்தை ஆரம்பித்தனர். முதலாம் உலகப் போரின் குருதி காயாத காலம் அது. போர்முனையிற் படைவீரருடன் வாழ்ந்த குருமார், சாதாரண மக்களிடமிருந்து திருச்சபை எத்துணை தூரம் விலகியிருந்தது என்பதைக் கண்டறிந்தனர். இயக்கத்தின் வேகத்திற்கு இவ்வனுபவமே காரணமாயிற்று எனலாம்.

1919 டிசெம்பரில் அரச அங்கீகாரம் பெற்ற ‘இங்கிலாந்துத் திருச்சபைப் பேரவை அதிகாரங்கள் சட்டம்’ நுணுகி நோக்கத்தக்கதொன்று. பேரவையைப் பாராளுமன்றம் படைக்கவில்லை. குருமார் மன்றங்கள் இரண்டும் பேரவைக்குரிய யாப்பைத் தாமே வகுத்து அரசனுக்குச் சமர்ப்பித்தன. சட்டம் அதனை ஏற்று, அதற்குச் சில அதிகாரங்களை வழங்கியது. அதிகாரத்தின் ஊற்று திருச்சபையினுள்ளேயே உள்ளது என்ற கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்கான உபாயம் இது. ஆயர் மன்றம், குருமார் மன்றம், பொதுநிலையினர் மன்றம் என மூன்று மன்றங்களைக் கொண்டதாகப் பேரவை அமைந்தது. அது இயற்றும் சட்டம் ஆங்கிலத்தில் ‘மெஷர்’ எனப்படும். இக்கட்டுரையில் அதனைத் திருச்சபைப் பிரமாணம் என்போம். பேரவையில் நிறைவேறிய பிரமாணம், இரு சபைகளிலிருந்தும் பதினைவர் வீதம் முப்பது உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத் திருச்சபைக் குழுவிற்குச் செல்லும். குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தபின், இரு சபைகளும் அதனை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். ஒரு சொல்லைத்தானுந் திருத்தவியலாது. ஏற்கப்பட்டு அரச அங்கீகாரம் பெற்ற பிரமாணம் பாராளுமன்றச் சட்டத்தின் வலுவை முழுமையாகப் பெறும். பழைய பாராளுமன்றச் சட்டங்களை நீக்கவும் அதற்கு வலுவுண்டு.

வாக்குரிமை பற்றிய விவாதமே உண்மையில் இங்கு உயிர்நாடியாகும். வாக்காளர் ஞானஸ்நானம் பெற்றவராயிருந்தாற் போதுமா, அன்றி உறுதிபூசுதலும் பெற்றவராயிருத்தல் வேண்டுமா? முன்னையது ஏற்கப்பட்டது. ஒக்ஸ்போட் ஆயராயிருந்த சாள்ஸ் கோர் இதனை ஏற்காது 1919இற் பதவி துறந்தார். சமூகப் பிரச்சினைகளில் முற்போக்காளராக விளங்கிய கோர், திருச்சபை உறுப்புரிமையை இறுக்கமாக வரையறுக்க விழைந்தமை சிந்திக்கத்தக்கது. மறுபுறத்தில் ஹென்ஸ்லி ஹென்சன், ஞானஸ்நான வாக்குரிமைகூடக் குறுகியதே எனக் கருதினார். வாக்காளர் இடாப்பில் தாமாகப் பெயர் பதிந்தோரே திருச்சபை என்றாகிவிட்டால், தேசம் முழுவதற்கும் உரிய சபை ஒரு சமயக் குழுவாகச் சுருங்கிவிடும் என்பது அவரது வாதம். இவ்விருவருள் ஹென்சனே பிரச்சினையின் ஆழத்தைக் கண்டவர் என்பது எமது கருத்து.

ஒன்றை மாத்திரம் இங்குச் சேர்த்துக் கூறல் வேண்டும். பொதுநிலையினர் மன்றத்திற்குப் பெண்களுந் தெரிவுசெய்யப்படத் தக்கவராயிருந்தனர். பங்கு வாக்காளர் இடாப்பில் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டப்படவில்லை. அன்றைய அரசோ முப்பது வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியிருக்கவில்லை. ஆயினும் தெரிவு முறை பல படிகளைக் கொண்டதாயிருந்தது. பங்கிலுள்ளோர் நேரே பேரவைக்கு வாக்களிக்கவில்லை. இடைப்பட்ட மாநாடுகளின் பொதுநிலை உறுப்பினரே அவ்வாக்கைச் செலுத்தினர். கூட்டங்களோ வாரநாட்களில், வெஸ்ற்மின்ஸ்ரரில் நடைபெறுவன. நாட்கூலி பெறும் தொழிலாளி எங்ஙனம் அங்குச் செல்வான்? ஓய்வும் வசதியும் உடையோருக்கே அம்மன்றம் இயல்பாகத் திறந்திருந்தது.

புதிய ஏற்பாட்டின் முதற் பெருஞ் சோதனை 1927இல் வந்தது. 1662ஆம் ஆண்டுப் பொதுச் செபப் புத்தகத்தைத் திருத்தும் முயற்சி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்துவந்தது. திருத்தப்பட்ட நூலைப் பேரவை அவ்வாண்டு யூலையில் ஏற்றது: ஆயர் மன்றத்தில் 34க்கு 4, குருமார் மன்றத்தில் 253க்கு 37, பொதுநிலையினர் மன்றத்தில் 230க்கு 92. டிசெம்பர் 14இற் பிரபுக்கள் சபையும் 241க்கு 88 என ஏற்றது. மறுநாள் பொதுமக்கள் சபை அதனை 238க்கு 205 என்ற வாக்குகளால் நிராகரித்தது. உள்நாட்டு அமைச்சர் வில்லியம் ஜொயின்சன் ஹிக்ஸ் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லித் தொகுதித் தொழிற்கட்சி உறுப்பினர் றொஸ்லின் மிச்சல் ஆற்றிய உரை சபையைப் பெரிதும் அசைத்தது. நோயாளருக்கென நற்கருணையை ஒதுக்கிவைக்க அனுமதிக்கும் விதி, உரோமாபுரிக்குத் திரும்பும் வழி என அஞ்சப்பட்டது. திருத்தங்களுடன் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்ட நூலும் 1928 யூன் 14இல் 266க்கு 220 எனத் தோற்றது.

வாக்களித்த சபை எத்தகையது? ஸ்கொத்லாந்துப் பிரஸ்பித்தேரியரும், வட அயர்லாந்து உறுப்பினரும், சுயாதீன சபையினரும் அதில் இருந்தனர். 1920இலேயே தம் திருச்சபையின் அரச தாபன நிலையை நீக்கிக்கொண்ட வேல்சு நாட்டின் உறுப்பினரும் இருந்தனர். வடபற்றசீயின் பொதுவுடைமைக்கட்சி உறுப்பினராகப் பம்பாயிற் பிறந்த பார்சியரான சபுர்ஜி சக்லத்வாலாவும் அச்சபையில் அங்கம் வகித்தார். ஆங்கிலேயர் தம் கோயில்களில் எச்செபத்தைச் சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இவர்கள் எல்லோருக்கும் இருந்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பாளரான வாசகர் இதனை நினைந்து புன்னகை செய்யலாம்.

பொதுமக்கள் சபையின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பேரவையின் வாக்கு கோயிலுக்குச் செல்லும் சிறுதொகையினரின் வாக்கு. அதற்கு வெளியே, கோயிலுக்குச் செல்லாவிடினுந் தம்மைத் திருச்சபையினர் எனக் கருதிய பெருந்தொகை மக்கள் இருந்தனர். பழைய செபப் புத்தகம் அவர்களின் திருமணத்திலும் மரணத்திலும் ஒலித்த மொழி. அவர்களுக்காகப் பேசியது தாமே எனப் பாராளுமன்றத்தினர் வாதித்தனர். 1919இல் ஹென்சன் எழுப்பிய வாதம் இதுவன்றோ? ஆனால் அந்த ஹென்சனே, 1928இன் பின், அரசுடனான பிணைப்பை அறுத்தலே வழி என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பேராயர் றண்டல் டேவிட்சன் அவ்வாண்டு நவம்பரில் ஓய்வுபெற்றார். 1929இல் ஆயர்கள், நிராகரிக்கப்பட்ட நூலைப் பயன்படுத்துவோரைத் தாம் தடுக்கப்போவதில்லை என்ற பொருள்பட அறிவித்தனர். சட்டத்தை மீறாமல் மீறும் ஆங்கிலேய மரபிற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

நம் நாட்டைத் தொடும் செய்தியொன்று இங்குண்டு. 1927இலேயே அப்பேரவை இந்தியத் திருச்சபைப் பிரமாணத்தை இயற்றியது. பாராளுமன்றமும் இந்தியத் திருச்சபைச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி 1930 மார்ச் முதலாந் திகதி இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை சட்டரீதியான பிணைப்பிலிருந்து விடுபட்டது. இலங்கையில் அரச மானியம் 1881ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் வழி ஏலவே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயர் றெஜினால்ட் கொப்பிள்ஸ்ரனின் காலத்திற் கொழும்பு மறைமாவட்டம் தன் சொந்தக் காலில் நிற்கப் பழகியிருந்தது. ஆக, குடியேற்ற நாட்டுத் திருச்சபைக்குத் தன் வழிபாட்டைத் தானே வகுக்கும் உரிமையை வழங்கிய அதே பாராளுமன்றம், அதே ஆண்டில், தாய்த் திருச்சபைக்கு அதனை மறுத்தது. குடியேற்ற நாட்டினர்மேற் கொண்ட பெருந்தன்மை இதற்குக் காரணமன்று. அங்குள்ள திருச்சபை தேசத்தின் திருச்சபையாகக் கருதப்படவில்லை, ஆகவே அதனைக் கட்டிவைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறலாம். 1969ஆம் ஆண்டுப் பிரமாணத்தின்படி பேரவையின் இடத்தைப் பொது மாமன்றம் பெற்றது. 1970 நவம்பரில் எலிசபெத் அரசி அதனைத் தொடக்கிவைத்தார். 1974ஆம் ஆண்டின் வழிபாடு, கோட்பாடு பற்றிய பிரமாணம், பழைய செபப் புத்தகம் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்ற வரையறையுடன், வழிபாட்டு முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மாமன்றத்திற்கு அளித்தது. நாற்பத்தாறு ஆண்டுகளின் பின் 1928இன் தோல்வி இங்ஙனம் ஈடுசெய்யப்பட்டது. எனினும் 1984இல், ஆயர் நியமன முறை பற்றிய பிரமாணமொன்றைப் பொதுமக்கள் சபை நிராகரித்தமை, பழைய உரிமை இறந்துவிடவில்லை என்பதைக் காட்டிற்று.

மாமன்றத்தின் உள்ளமைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. முக்கிய மாற்றங்களுக்குச் சாதாரண பெரும்பான்மை போதாது. 1972இல் மெதடிஸ்தருடனான ஐக்கியத் திட்டத்திற்கு நூற்றுக்கு 75 வீத ஆதரவு வேண்டியிருந்தது. கிடைத்தது ஏறக்குறைய 66 வீதம். மூன்றிலிரண்டுக்குச் சற்றே குறைந்தோர் விரும்பிய ஐக்கியம் நடைபெறவில்லை. பெண்களைக் குருக்களாக்கும் பிரமாணம் 1992 நவம்பர் 11இல் ஆயர் 39க்கு 13, குருமார் 176க்கு 74, பொதுநிலையினர் 169க்கு 82 என நிறைவேறியது. ஒவ்வொரு மன்றத்திலும் மூன்றில் இரண்டு வேண்டப்பட்டமையால், பொதுநிலையினருள் இருவர் மாறி வாக்களித்திருப்பின் அது தோற்றிருக்கும். 2012 நவம்பர் 20இற் பெண் ஆயர்கள் பற்றிய பிரமாணம் அவ்வாறே தோற்றது. 44 மறைமாவட்டங்களுள் 42 அதனை ஆதரித்திருந்தன. ஆயர் மன்றமும் குருமார் மன்றமும் பெரும்பான்மையால் ஏற்றன. பொதுநிலையினர் மன்றத்தில் 132 பேர் ஆதரித்தும் 74 பேர் எதிர்த்தமையால் ஆறு வாக்குகள் குறைந்தன.

இச்சந்தர்ப்பத்திற் பாராளுமன்றம் கொண்ட நிலைப்பாடு 1928இற்கு நேர்மாறானது. அன்று பழைமையைக் காக்கத் தலையிட்ட சபை, இன்று புதுமையைக் கோரி நின்றது. பிரதமர் டேவிட் கமெரோன் மறுநாளே சபையில் அதிருப்தி தெரிவித்தார். சமத்துவச் சட்டங்களிலிருந்து திருச்சபைக்குள்ள விலக்கை நீக்கவேண்டும் என உறுப்பினர் சிலர் எச்சரித்தனர். பெண்களின் உரிமையை விரும்பும் எவரும் அவர்களின் நோக்கத்தோடு உடன்படுவர். ஆயினும், ஒரு சமய சமூகத்தின் தெரிவை அரசு அச்சுறுத்தி மாற்றுதல் தகுமா என்ற வினாவை முற்போக்காளர் தட்டிக்கழித்தல் ஆகாது. முடிவு நமக்கு உவப்பானதாயிருக்கும்போது தலையீட்டை வரவேற்று, உவப்பற்றதாயிருக்கும்போது கண்டிப்பது கொள்கையாகாது. மறுபுறத்தில், பலபடித் தெரிவின் வழிவந்த பொதுநிலையினர் மன்றம், தன்னைத் தெரிவுசெய்த மறைமாவட்டங்களின் மனத்தையே பிரதிபலிக்கவில்லை என்பதும் உண்மை. தன்னாட்சி பெற்ற சபை தன் மக்களுக்கு எத்துணை நெருக்கமானது என்ற 1919ஆம் ஆண்டு வினா, விடைபெறாமலே திரும்பி வந்தது.

2014 யூலை 14இல் மாமன்றம் புதியதொரு பிரமாணத்தை நிறைவேற்றியது. பொதுநிலையினர் மன்றத்தில் 152 பேர் ஆதரித்தனர், 45 பேர் எதிர்த்தனர். அப்பிரமாணம் 1919ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பாதையிலேயே சென்றது. திருச்சபைக் குழு அதனை ஆராய்ந்தது. ஒக்டோபரில் இரு சபைகளும் ஒரு சொல்லும் மாற்றாது ஏற்றன. அரச அங்கீகாரத்தின் பின் நவம்பரில் மாமன்றம் அதற்குரிய விதியைப் பிரகடனஞ் செய்தது. 2015 சனவரி 26இல் லிபி லேன் யோர்க் பேராலயத்தில் முதலாவது பெண் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.