அவர் கொடுத்ததைச் சொல்லி அழுதவர்கள்



1987ஆம் ஆண்டின் கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று நம் சபையின் மூத்தவர்களிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். ஆராதனையைப்பற்றிச் சொல்லுமுன் அவர்கள் வேறொன்றைச் சொல்லுவார்கள். டிசம்பர் 24ஆம் தேதி விடியுமுன், இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். காலமானார். இராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்ட அவருடைய உடல் மறுநாள், கிறிஸ்மஸ் தினத்தன்றே, மெரினா கடற்கரையில் அண்ணாவின் நினைவிடத்தருகே அடக்கம்பண்ணப்பட்டது.

அக்காலத்து இருங்காட்டுக்கோட்டையில் இன்று நீங்கள் காணும் தொழிற்சாலைகள் இல்லை. ஹூண்டாயின் முதல் கார் இங்கிருந்து வெளிவந்தது 1998இல்தான். அன்று நம் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னாளில் சில ஆண்டுகள் அந்த மாவட்டம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. இராமாவரமும் நமக்கு அந்நிய ஊர் அல்ல. பூவிருந்தவல்லி, போரூர் வழியாகப் பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அந்தத் தோட்டத்து வாயிலைக் கடந்துதான் போகவேண்டும். இறப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 21 அன்று, அதே சாலை தொடங்கும் கத்திப்பாராவில் நேருவின் சிலைத் திறப்பு விழாவுக்கு அவர் வந்திருந்தார். பிரதமர் ராஜீவ் காந்தி சிலையைத் திறந்துவைத்தார். அன்று அவரைக் கண்ணால் கண்டவர்களுக்கு 24ஆம் தேதியின் செய்தி நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

பேருந்துகள் நின்றன. கடைகள் அடைக்கப்பட்டன. கீத பவனிக்காகக் கட்டியிருந்த விளக்குகளை அவிழ்த்துவிட்டதாகவும், 25ஆம் தேதி காலை ஆராதனைக்கு எல்லாரும் நடந்தே வந்ததாகவும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். பெண்கள் சிலர் கோயிலுக்குள்ளேயே அழுதார்களாம். இரட்சகர் பிறந்த நாளில் ஒரு நடிகருக்காக அழலாமா என்று சிலர் முறுமுறுத்தார்களாம். அன்றிருந்த உபதேசியார் யாரையும் கடிந்துகொள்ளாமல், ஆராதனையைச் சுருக்கமாக முடித்து, அழுகிறவர்களை அழவிட்டாராம். அந்த உபதேசியார் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்பதை எழுதுவதற்கு முன் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

அந்தத் துக்கம் ஒரே நாளில் பிறந்ததல்ல. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்று, முதலில் சென்னையிலும் பிறகு நியூயார்க் நகரின் புரூக்ளினிலும் சிகிச்சை பெற்றபோதே தமிழ்நாடு கலங்கி நின்றது. 1968இல் வெளிவந்த ஒளிவிளக்கு திரைப்படத்தில், சாகும் நிலையில் கிடக்கும் கதாநாயகனுக்காக ஒரு பெண் கடவுளிடம் மன்றாடும் பாடல் ஒன்று உண்டு. அந்தப் பாடல் அம்மாதங்களில் ஊர் ஊராய் ஒலித்தது. கோயில்களிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் விண்ணப்பங்கள் ஏறெடுக்கப்பட்டன. திரைக்காக எழுதப்பட்ட ஒரு ஜெபத்தை ஜனங்கள் உண்மையான ஜெபமாக எடுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஜெபிக்கச் சொற்கள் கிடைக்காதவர்கள் கையில் அகப்பட்ட சொற்களைக்கொண்டு ஜெபித்தார்கள்.

தமிழனுக்கு மட்டும் பிடித்த பைத்தியம் இது என்று சொல்லுகிறவர்களுக்காக ஒரு செய்தி. 1926 ஆகஸ்டில், பேசாப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ தமது 31ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தார். அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்த கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, பலர் காயமுற்றார்கள், குதிரைப்படைப் போலீசார் கூட்டத்தை அடக்க வேண்டியதாயிற்று. அவர் படங்களில் ஒரு சொல்லும் ஒலித்ததில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அழுதவர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பதைக் கவனிப்போம். எம்.ஜி.ஆருக்காக அழுத ஏழைகள் அவருடைய நடிப்பின் நுட்பத்தைப் புகழ்ந்து அழவில்லை. ரிக்‌ஷா இழுத்தவர்களுக்கு அவர் மழைக்கோட்டு கொடுத்ததைச் சொன்னார்கள். தீப்பிடித்த குடிசைப்பகுதிகளுக்கு அவர் அனுப்பிய உதவியைச் சொன்னார்கள். காமராசர் தொடங்கிய மதிய உணவை விரிவாக்கி 1982 ஜூலை 1 அன்று அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைச் சொல்லி, தங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உண்ட சோற்றைச் சொல்லி அழுதார்கள். அவருடைய ஆட்சி ஏழைகளுக்கு உண்மையில் எவ்வளவு செய்தது என்பது வேறு கணக்கு. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் அந்தக் கணக்கைப் பார்த்து, அது மிகவும் குறைவு என்று 1992இல் ஒரு நூலே எழுதினார். அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் மழையில் நனையாமல் ஒருநாள் வண்டி இழுத்தவனுக்கு அந்தக் கோட்டு மெய்யானது.

தமிழில் இரங்கற்பாட்டின் பழைய வழியும் இதுதான். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாடலாக இருக்கிறது. அதில் அவர் அதியமானின் வெற்றிகளை எண்ணவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் உடனிருந்து மகிழ்வான் என்று தொடங்குகிறார் (கள்ளைப்பற்றிய பேச்சை வாசகர் பொறுத்துக்கொள்ளவேண்டும்). இறைச்சித் துண்டையும், தன் தலையை அவன் தடவிக்கொடுத்ததையும் சொல்லுகிறார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்துப் போயிற்று என்கிறார். பெற்றவர் பெற்றதைச் சொல்லி அழுகிறார்.

வேதத்திலும் அப்படியே. சவுலும் யோனத்தானும் மாண்டபோது தாவீது பாடிய புலம்பல் இரண்டாம் சாமுவேலின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னை ஈட்டியால் சுவரோடே குத்திப்போடப் பார்த்த சவுலுக்காகத் தாவீது அழுகிறான். இஸ்ரவேலின் குமாரத்திகளையும் அழச்சொல்லுகிறான். அவர்களுக்கு அவன் சொல்லும் காரணம், சவுல் அவர்களுக்கு நல்ல வஸ்திரமும் பொன்னாபரணமும் உடுத்துவித்தான் என்பதே. அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்து மேல்வீட்டைப் பாருங்கள். தொற்காள் மரித்துக் கிடக்கிறாள். பேதுரு வந்து நிற்கிறார். விதவைகள் அவரிடம் வாதம் செய்யவில்லை, உபதேசம் கேட்கவில்லை. அவள் உயிரோடிருக்கையில் தங்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்து அழுகிறார்கள். பேதுரு அவர்களைக் கடிந்துகொண்டதாக எழுதப்படவில்லை.

1987இல் அழுத ரிக்‌ஷாக்காரர் அந்த மேல்வீட்டு விதவைகளின் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர் என்பது என் எண்ணம். தொற்காளும் ஒரு நடிகரும் ஒன்றா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பேசுவது அழுதவர்களைக் குறித்து.

ஆனால் அந்த நாட்களில் கண்ணீர் மட்டும் சிந்தப்படவில்லை. அண்ணா சாலையில் இருந்த கருணாநிதியின் சிலையை ஒரு கூட்டம் இடித்துத் தள்ளியது. இறுதி ஊர்வலத்தையொட்டிய வன்முறையில் 29 பேர் இறந்ததாகச் செய்திகள் கூறின. ஏறத்தாழ 30 பேர் தலைவனில்லாத உலகில் இருக்க மனமின்றித் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. அந்த வீடுகளில் 1988ஆம் ஆண்டின் பொங்கல் எப்படி வந்திருக்கும் என்று எந்தப் பத்திரிகையும் விசாரித்து எழுதி நான் கண்டதில்லை. மெரினா நினைவிடத்திற்கு இன்றும் ஜனங்கள் போகிறார்கள். அவருடைய கைக்கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதென்று கல்லில் காதை வைத்துக் கேட்கிறார்கள். அந்த 30 பேருடைய கல்லறைகளில் காதை வைப்பவர் இல்லை.

இந்த வழக்கத்துக்கும் நம்மிடம் பழைய வேர் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார் உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனை ஒருமுறையும் கண்டதில்லை. கேள்வியால் மட்டுமே அன்புகொண்டவர். அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான் என்றறிந்து, தாமும் வந்து அவனோடே வடக்கிருந்து உயிர்விட்டார். காணாத ஒருவர்மேல் வைத்த அன்புக்காக உயிரைக் கொடுத்தவரை நட்பின் சிகரமென்று நம் பாடநூல்கள் புகழ்கின்றன. நான் பள்ளியில் அதைப் படித்தபோது ஆசிரியர் தழுதழுத்த குரலில் சொன்னார். பிள்ளைகளாகிய நாங்களும் உருகினோம்.

அதே சரித்திரத்தில் பாடநூல் அதிகம் பேசாத இன்னொருவர் உண்டு. பொத்தியார் என்னும் புலவரும் அரசனோடு உயிர்விட வந்தார். அவருடைய மனைவி அப்போது கர்ப்பவதி. கோப்பெருஞ்சோழன், மகன் பிறந்தபின் வா என்று அவரைத் திருப்பி அனுப்பினான். பொத்தியார் வீட்டுக்குப் போனார். பிள்ளை பிறந்தபின் அவர் திரும்பி வந்து தமக்குரிய இடத்தைக் கேட்டதையும் புறநானூறு சொல்லுகிறது. இருந்தாலும் சாகப்போகிற அரசனே, தன்மேல் அன்புள்ளவனைப் பார்த்து, உன் வீட்டில் ஒரு பிள்ளை வரப்போகிறது, போ என்றான். இருபது நூற்றாண்டுகளுக்கு முன்னே சொல்லப்பட்ட அந்தப் ‘போ’ என்னும் சொல்லை 1987இல் அந்த 30 பேருக்கும் சொல்ல ஆள் இல்லாமற்போயிற்று. மனமுடைந்தவர்கள் பேசுவதைக் கேட்பதற்கென்றே சென்னையில் ஸ்நேகா என்னும் அமைப்பு 1986இல்தான் தொடங்கியிருந்தது. இன்று 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பல மொழிகளில் பேசுகிறார்கள். இந்த எண்ணை உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். ஜெபம் போதாதா என்று கேட்பீர்களானால், ஜெபித்துவிட்டு அந்த எண்ணையும் அழையுங்கள் என்பேன்.

துக்கத்தின் வழக்கம் மாறக்கூடும் என்பதற்கு நம் நெடுஞ்சாலையின் மறுமுனையில் சாட்சி இருக்கிறது. 2006 ஏப்ரல் 12 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் பெங்களூரில் காலமானார். நகரம் பற்றியெரிந்தது, காவலர் ஒருவரும் உயிரிழந்தார். ராஜ்குமாரின் கண்கள் தானமாக அளிக்கப்பட்டன என்ற செய்தி அந்தப் புகைக்குள் மறைந்துபோயிற்று. 2021 அக்டோபர் 29 அன்று அவருடைய இளைய மகன் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென்று மறைந்தார். அதே நகரம், அதே குடும்பம், லட்சக்கணக்கில் கூட்டம். இம்முறை ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அழுதார்கள், வீடு திரும்பினார்கள். உயிரிழப்புகள் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. சிலர் அதிர்ச்சியால் இறந்த செய்தியும் வந்தது. ஆனால் புனீத்தின் கண்களைக்கொண்டு நான்கு பேர் பார்வையடைந்தார்கள் என்ற செய்தி பரவியபின், கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கண்களைத் தானமாக எழுதிக்கொடுத்தார்கள். தகப்பன் இறந்தபோது பஸ்ஸைக் கொளுத்திய ஊர் அது.

இவை பழங்கதைகள் என்று நினைத்தால், ஒரகடம் பக்கத்து விடுதிகளுக்கு வந்து பாருங்கள். 2025 செப்டம்பர் 19 அன்று அஸ்ஸாமியப் பாடகர் ஜுபீன் கர்க் சிங்கப்பூரில் இறந்தார். வயது 52. நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. நம் சாலையோரத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் அஸ்ஸாம் பிள்ளைகளுக்கு அது நம் பெரியவர்களின் 1987. குவாஹாட்டியில் லட்சக்கணக்கானோர் தெருவில் நின்று, தாம் இறக்கும்போது பாடவேண்டும் என்று அவரே சொல்லியிருந்த ‘மாயாபினி’ என்னும் பாடலைப் பாடினார்கள். இங்கே இருந்தவர்களுக்கு ஊருக்குப் போக விடுப்பும் இல்லை, மூன்று நாள் ரயில் பயணத்திற்குப் பணமும் இல்லை.

செப்டம்பர் 23 அன்று, அவருடைய தகனத்தின் நாளில், நான் அவர்களில் சிலர் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். சிறிய அறை. ஏழு பேர் ஒரே கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இந்தி அரைகுறை. ஆறுதலாக ஏதும் சொல்ல வரவில்லை. அவர் உங்களுக்கு என்ன கொடுத்தார் என்று மட்டும் கேட்டேன். கொரோனாக் காலத்தில் தம் வீட்டையே நோயாளிகளுக்காகத் திறந்துவிட முன்வந்ததை ஒருவன் சொன்னான். பிஹு இரவுகளில் விடியும்வரை மேடையில் நின்று பாடுவார் என்று இன்னொருவன் சொன்னான். ஒருவன் வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு, அம்மா அடுப்படியில் அவர் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்பாள் என்றான். அதைச் சொல்லிவிட்டு அழுதான். மற்றவர்கள் அவனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சற்று நேரம் கழித்து இரவு ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, இறங்கிப் போனார்கள்.