கடன் குறையும்... கடலும் பிழைக்குமா? ஈக்வடார் செய்த ‘கடன் பரிமாற்றம்’ என்றால் என்ன?

ஒரு பக்கம் கழுத்தை நெரிக்கும் கடன். இன்னொரு பக்கம் காப்பாற்ற வேண்டிய காடும் கடலும். வளரும் நாடுகள் பலவற்றின் நிலை இதுதான். வட்டி கட்டவே காசு போதலைன்னா, சுறாவையும் ஆமையையும் காக்க யார் நிதி ஒதுக்குவாங்க?

இதற்கு ஒரு வழியாகச் சொல்லப்படுவதுதான் ‘டெப்ட் ஃபார் நேச்சர் ஸ்வாப்’, அதாவது இயற்கைக்கான கடன் பரிமாற்றம். தென் அமெரிக்க நாடான ஈக்வடார், 2023 மே மாதம் கலாபகஸ் தீவுகளுக்காக இதைச் செய்தது. அந்த நேரத்தில் உலகிலேயே மிகப் பெரிய பரிமாற்றம் அதுதான்.

இது என்ன கணக்கு?

அரசுகள் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். ‘இந்த நாடு பணத்தைத் திருப்பித் தருமா?’ என்ற சந்தேகம் வந்துட்டா, சந்தையில் பத்திரத்தின் விலை சரியும். 100 ரூபாய் பத்திரத்தை 40 ரூபாய்க்கே விற்க ஆள் இருப்பாங்க. அப்போது அந்த நாடே, குறைந்த செலவில் புதுக் கடன் வாங்கி, பழைய பத்திரங்களை மலிவாகத் திரும்ப வாங்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இயற்கைப் பாதுகாப்புக்குப் போகணும். இதுதான் நிபந்தனை.

முதலில் செய்தது யார்?

1987-ல் பொலிவியா. அதன் 6.5 லட்சம் டாலர் கடனை, கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு வெறும் 1 லட்சம் டாலருக்கு வாங்கி ரத்து செய்தது. பதிலுக்கு, பெனி பகுதிக் காடுகளைக் காப்பதாக பொலிவியா உறுதி கொடுத்தது. பின்னர் செஷல்ஸும், 2021-ல் பெலிஸும் கடலைக் காக்க இதே வழியில் போயின.

ஈக்வடார் என்ன செய்தது?

சுமார் 163 கோடி டாலர் மதிப்புள்ள பழைய பத்திரங்களை, கிட்டத்தட்ட 40 சதவீத விலையில் திரும்ப வாங்கியது. இதற்காக 65.6 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் வெளியிடப்பட்டது. கிரெடிட் சூயிஸ் வங்கி ஏற்பாடு செய்தது.

கடன் கட்டவே திணறும் நாட்டை நம்பி யார் பணம் போடுவாங்க? இங்கேதான் உத்தரவாதம் வருது. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் காப்பீடு கொடுத்தது. இன்டர் அமெரிக்கன் வளர்ச்சி வங்கி 8.5 கோடி டாலருக்கு உத்தரவாதம் தந்தது.

கடலுக்கு என்ன கிடைக்கும்?

கடன் செலவில் ஈக்வடாருக்கு 110 கோடி டாலருக்கு மேல் மிச்சம். அதிலிருந்து பதினெட்டரை ஆண்டுகளில் 32.3 கோடி டாலர் கடல் பாதுகாப்புக்குச் செல்லும். இதில் ஒரு பகுதி வைப்பு நிதியாக முதலீடு செய்யப்படுவதால், மொத்தம் 45 கோடியைத் தாண்டும் என்பது கணிப்பு. 2022-ல் அறிவிக்கப்பட்ட 60,000 சதுர கி.மீ. எர்மன்டாட் கடல் காப்பகத்தைக் கண்காணிப்பதும் இதில் அடக்கம். சுத்தியல் தலைச் சுறாக்கள் வலசை போகும் பாதை இது.

அப்போ பிரச்சினை என்ன?

முதலாவது, அளவு. ஈக்வடாரின் வெளிக்கடன் 4,000 கோடி டாலருக்கும் அதிகம். இந்தப் பரிமாற்றம் அதில் சிறு துண்டுதான்.

இரண்டாவது, அதிகாரம். பணத்தை நிர்வகிக்கும் ‘கலாபகஸ் லைஃப் ஃபண்ட்’ அமெரிக்காவின் டெலவேரில் பதிவானது. அதன் இயக்குநர்களில் அரசு சார்பில் வருபவர்கள் பெரும்பான்மை இல்லை. ‘எங்க கடலுக்கான பணத்தை முடிவு பண்றது யார்?’ என்ற கேள்வி அங்கேயே எழுந்தது.

ஆதரவாளர்கள் சொல்லும் பதில்: ஆட்சி மாறினாலும் பணம் வேறு செலவுக்குத் திரும்பாமல் இருக்க, நிதி அரசின் கையை விட்டு விலகி இருக்கணும்.

இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கு. வட்டி குறைந்ததா என்பது கணக்குப் புத்தகத்தில் உடனே தெரிஞ்சிடும். மீன்வளம் பெருகியதா, தீவு மீனவர்களின் பேச்சு எடுபட்டதா என்பது தெரிய ஆண்டுகள் பிடிக்கும். இதே வழியை யோசிக்கும் மற்ற நாடுகள் ஈக்வடாரிடம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.