ரவாங்கில் இருந்தபடி ஒரு கவுண்டி அணிக்கு ரசிகராவது எப்படி?

ஐபிஎல் முடிந்ததும் கிரிக்கெட்டும் முடிந்துவிட்டது என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

இங்கிலாந்தில் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கவுண்டி கிரிக்கெட் நடக்கிறது. அங்கே காலையில் முதல் பந்து வீசப்படும்போது நமக்கு மாலை 6 மணி. கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ஏறி ரவாங் திரும்பும் நேரம். பெரும்பாலான ஆட்டங்களைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, எந்த அணியைப் பிடிப்பது? கோலாலம்பூரில் பிறந்த ஒருவர் உலகச் சாதனை படைத்த அணி ஒன்று இருக்கிறது. முக்கியமான கோப்பையை இதுவரை ஒரு முறைகூடத் தொடாத அணியும் அதுவேதான். அதன் பெயர் சோமர்செட்.

கவுண்டின்னா என்ன?

நம் ஊரில் சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர் என்று மாநிலத்துக்கு ஒரு கால்பந்து அணி இருப்பது போலத்தான். ரவாங்கில் பிறந்தவரிடம் 'நீ எந்த டீம்?' என்று கேட்டால் பெரும்பாலும் சிலாங்கூர் என்பார். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி. அப்பாவும் தாத்தாவும் கட்டிக்காத்த பாசம். இங்கிலாந்தின் மாவட்டங்களுக்குத்தான் கவுண்டி என்று பெயர். அங்கேயும் பாசம் ஊரோடு ஒட்டியே வருகிறது.

முதல்தர கவுண்டி அணிகள் மொத்தம் 18. அவற்றில் கிளமோர்கன் மட்டும் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. கவுண்டி சாம்பியன்ஷிப் 1890-ஆம் ஆண்டு முதல் அதிகாரபூர்வமாக நடக்கிறது. இப்போது முதல் பிரிவில் 10 அணிகள், இரண்டாம் பிரிவில் 8 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள், ஒவ்வோர் ஆட்டமும் நான்கு நாள். பருவ முடிவில் இரண்டு அணிகள் மேலே ஏறும், இரண்டு அணிகள் கீழே இறங்கும்.

ஏன் சோமர்செட்?

அருள் சுப்பையா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1983-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே மலேசியாவுக்காக ஆடியவர். பிறகு இங்கிலாந்து சென்று சோமர்செட்டில் படித்து, 2002-இல் அந்த அணிக்கே முதல்தர ஆட்டத்தில் களமிறங்கினார். வலக்கை பேட்ஸ்மேன், இடக்கை சுழல்பந்து வீச்சாளர்.

2011 ஜூலை 5-ஆம் தேதி, கார்டிஃப் நகரம். கிளமோர்கனுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் சுப்பையா வீசியது வெறும் 22 பந்துகள். கொடுத்தது 5 ரன். எடுத்தது 6 விக்கெட். அன்று அது டி20 கிரிக்கெட்டின் உலகச் சாதனை. 2019-இல் லெஸ்டர்ஷயரின் காலின் அக்கர்மன் 18 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்கும்வரை, எட்டு ஆண்டுகள் யாராலும் அதை அசைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். 2023 ஜூலையில், கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுஎமாஸ் ஓவலில், மலேசியாவின் ஷஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஏழு பேருமே போல்ட்! ஆண்கள் அனைத்துலக டி20-யில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. அக்கர்மனின் சாதனையும் அன்றோடு போனது.

முழங்கால் காயத்தால் 2013-இல் சுப்பையா ஓய்வு பெற்றார். ஆனால் கோலாலம்பூருக்கும் டான்டன் நகருக்கும் இடையே அவர் போட்ட பாதை அப்படியே இருக்கிறது. சோமர்செட்டின் சொந்த மைதானம் அந்த டான்டனில்தான், டோன் ஆற்றங்கரையில்.

தூங்குவது எப்போது?

நியாயமான கேள்வி. பருவம் முழுவதும் இங்கிலாந்தில் கோடைக்கால நேரம் என்பதால், நமக்கும் அவர்களுக்கும் 7 மணி நேர வித்தியாசம். அது மாறாது. ஒரு நாள் ஆட்டத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- மாலை 6 மணி: ஆட்டம் தொடக்கம் (செப்டம்பரில் 5.30 மணிக்கு)
- இரவு 8 மணி: அவர்களுக்கு மதிய உணவு இடைவேளை, உங்களுக்கு இரவுச் சாப்பாடு
- இரவு 10.40 வாக்கில்: தேநீர் இடைவேளை
- நள்ளிரவு 1 மணி வாக்கில்: அன்றைய ஆட்டம் முடிவு

நான்கு நாளும் முழுசாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்குள்ள ரசிகர்களே அப்படிப் பார்ப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம், பிறகு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம், காலையில் எழுந்ததும் ஸ்கோர் அட்டை. பாட்டு கேட்பது போல ஓடவிட்டு வேறு வேலையும் பார்க்கலாம். கடைசி நாள் மட்டும் விழித்திருந்து பாருங்கள். டி20 ஆட்டங்கள்தான் நமக்குச் சிரமம். வேலை நாள்களில் அவை அங்கே மாலையில் தொடங்கும். இங்கே அதிகாலை 1.30 மணிக்கு மேல் ஆகிவிடும்.

நேரலையைத் தேட வேண்டிய இடம், சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் யூடியூப் பக்கம். சோமர்செட் வெளியூரில் ஆடினால் எதிரணியின் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பிபிசி உள்ளூர் வானொலியின் வர்ணனைதான் ஒலிக்கும். கத்தல் இல்லாத, பேச்சுத்துணை போன்ற வர்ணனை அது. இரண்டு வாரத்தில் அந்தக் குரல்கள் பழகிவிடும்.

புள்ளிப் பட்டியலை எப்படிப் படிக்கிறது?

புதிய ரசிகர்கள் குழம்பும் இடம் இது. வெற்றிக்கு 16 புள்ளி, டிராவுக்கு 8 புள்ளி. அதோடு முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் போனஸ் புள்ளிகளும் உண்டு. பேட்டிங்கில் 250 ரன்னைத் தொட்டால் ஒரு புள்ளி, அதன்பின் ஒவ்வொரு 50 ரன்னுக்கும் ஒன்று, மொத்தம் 5 வரை. பந்துவீச்சில் 3, 6, 9 விக்கெட்டுகள் விழும்போது ஒவ்வொரு புள்ளி.

ஒரு புள்ளி, ரெண்டு புள்ளியில என்ன ஆகிடப்போகுதுன்னு தோணும். 2010-ஐப் பாருங்கள். சுப்பையா இருந்த சோமர்செட்டும் நாட்டிங்காம்ஷயரும் தலா 214 புள்ளிகளோடு பருவத்தை முடித்தன. கடைசி நாளில் லங்காஷயரின் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி, நாட்டிங்காம்ஷயர் ஒரு போனஸ் புள்ளியைப் பிடித்தது. புள்ளிகள் சமம். ஆனால் அவர்கள் வென்றது 7 ஆட்டம், சோமர்செட் வென்றது 6. கோப்பை கை நழுவியது.

அதே ஆண்டு டி20 இறுதியாட்டத்தில் ஹாம்ப்ஷயரும் சோமர்செட்டும் ஆளுக்கு 173 ரன். சோமர்செட் ஒரு விக்கெட் கூடுதலாக இழந்திருந்ததால் தோல்வி. 40 ஓவர் போட்டியின் இறுதியாட்டத்திலும் தோல்வி. ஒரே ஆண்டில் மூன்று போட்டிகள், மூன்றிலும் இரண்டாம் இடம்!

ஒரு பருவத்தை முழுசாகப் பின்தொடர்வதன் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் மாதக் குளிரில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் எடுத்த ஒரு விக்கெட், செப்டம்பரில் சாம்பியன் யார் என்பதை முடிவு செய்யலாம். இறுதியாட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த விக்கெட் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மாதம் மாதமாக என்ன பார்க்கலாம்?

ஏப்ரல், மே: குளிர், மழை, ஈரமான ஆடுகளம். வேகப்பந்து வீச்சாளர்களின் காலம். மழையால் ஆட்டம் நின்றால் கோபப்படாதீர்கள், இதெல்லாம் சகஜம்.

மே இறுதி முதல் ஜூலை வரை: டி20 பருவம். இங்கே சோமர்செட் பலமான அணி. 2005, 2023, 2025 என மூன்று முறை கோப்பையை வென்றிருக்கிறது.

ஆகஸ்ட்: நட்சத்திரங்கள் பலர் தி ஹண்ட்ரட் என்ற 100 பந்துப் போட்டிக்குப் போய்விடுவார்கள். கவுண்டிகள் ஒருநாள் கோப்பையில் இளையவர்களை இறக்கும். நாளைய வீரரை இன்றே பார்க்க இதுதான் மாதம்.

செப்டம்பர்: கோப்பைக்கும் போட்டி, தரமிறக்கத்திலிருந்து தப்பவும் போட்டி. டான்டன் ஆடுகளம் காய்ந்து பந்து திரும்பத் தொடங்கும். சோமர்செட் ஆப்பிள் தோட்டங்களும் சைடர் பானமும் நிறைந்த பகுதி. அதனால் ஹைதராபாத்தை நினைத்து 'சைடராபாத்' என்று இந்த மைதானத்துக்குக் கேலிப்பெயர்.

நம்ம ஆளு எதிரணியில ஆடினா?

இது உங்களுக்கும் வரும் சோதனை. 2021 ஜூலையில் அஸ்வின் சர்ரே அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். எதிரணி யார்? சோமர்செட்தான். இரண்டாவது இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, சோமர்செட்டை 69 ரன்னில் சுருட்டினார். ஆட்டம் டிரா ஆனது வேறு கதை. அன்று யாருக்குக் கைதட்டியிருப்பீர்கள்?

தமிழ் வீரர்கள் கவுண்டிக்குப் போவது புதிதல்ல. எழுபதுகளில் வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்கு ஆடினார். முரளிதரன் லங்காஷயருக்கு, முரளி விஜய் எசெக்ஸுக்கும் சோமர்செட்டுக்கும், வாஷிங்டன் சுந்தர் லங்காஷயருக்கு, சாய் சுதர்சன் சர்ரேக்கு ஆடினார்கள். ஆனால் இன்றைய வெளிநாட்டு வீரர்களில் பலர் சில ஆட்டங்களோடு கிளம்பிவிடுவார்கள். வீரரை மட்டும் பிடித்தால் உங்கள் பருவமும் அத்தோடு முடியும். வீரர் வழியாக உள்ளே வாருங்கள், அணிக்காக இருங்கள்.

ஜெயிக்காத அணியை எதுக்குப் பிடிக்கணும்?

சோமர்செட் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது 1891-இல். விவ் ரிச்சர்ட்ஸ், ஜோயல் கார்னர், இயன் போத்தம் எல்லாரும் ஆடிய அணி. இருந்தும் அந்தக் கோப்பை மட்டும் கிடைத்ததில்லை.

2016-இல் தன் கடைசி ஆட்டத்தை முன்கூட்டியே வென்று முடித்துவிட்டு, லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்‌ஷயரும் மோதியதைச் சோமர்செட் வீரர்கள் டான்டனில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள். அது டிரா ஆனால் இவர்கள் சாம்பியன். மிடில்செக்ஸின் டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்து வென்றார். நான்கே புள்ளியில் போனது.

2019-இல் கடைசி ஆட்டத்தில் எசெக்ஸை வீழ்த்தியே ஆக வேண்டும். மழை கெடுத்து டிரா ஆனது. 27 பருவங்கள் ஆடிய மார்கஸ் டிரெஸ்கோதிக்குக்கு அதுதான் விடைபெறும் ஆட்டம். கடைசி நிமிடங்களில் அவர் மாற்று ஃபீல்டராக மைதானத்துக்குள் வந்தபோது, கோப்பை போன துக்கத்திலும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

2024 செப்டம்பரில், 18 வயது ஆர்ச்சி வானின் 11 விக்கெட்டுகளால், சோமர்செட் நடப்புச் சாம்பியன் சர்ரேயை ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது வீழ்த்தியது. இங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். அடுத்த ஆட்டத்தில் தோற்று, கோப்பை மறுபடியும் சர்ரேக்கே போனது. ஆனால் அந்த இரவை விழித்திருந்து பார்த்தவரிடமிருந்து அதை யாரும் பிடுங்க முடியாது.

இந்த ஆட்டம் இப்படியே இருக்குமா?

அது உறுதியில்லை. 2022-இல் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் தலைமையிலான குழு, 14 ஆட்டங்களை 10-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் எதிர்த்தார்கள்; அது நடக்கவில்லை. 2025-இல் மீண்டும் விவாதம் எழுந்தது. 14-ஆகவே இருக்கட்டும் என்று முடிவானது. இன்னொரு பக்கம் பணம் தி ஹண்ட்ரட் பக்கம் ஓடுகிறது. நம் வீட்டு ஆஸ்ட்ரோவில் வரும் சன் டிவியின் நிறுவனமே, லீட்ஸ் நகரின் ஹண்ட்ரட் அணியை 2025-இல் வாங்கிவிட்டது.

சோமர்செட் போன்ற மன்றங்கள் இன்னும் உறுப்பினர்களுக்கே சொந்தம். நான்கு நாள் ஆட்டம் இதுவரை பிழைத்திருப்பதில் அவர்களின் பங்கு பெரியது.

எங்கே தொடங்குறது?

சோமர்செட்டின் ஆட்ட அட்டவணையைத் தேடி, தேதிகளைக் கைப்பேசி நாட்காட்டியில் போடுங்கள். நேரத்தோடு 7 மணியைக் கூட்ட மறக்காதீர்கள். முதல் மாதம் இரண்டு வீரர்களை மட்டும் கவனியுங்கள்: ஒரு பேட்ஸ்மேன், ஒரு பந்துவீச்சாளர். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள்.

மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆசை வந்தால், பாயுஎமாஸ் ஓவல் இருக்கவே இருக்கிறது. தஞ்சோங் மாலிம் – போர்ட் கிள்ளான் கோமுட்டர் தடம் ரவாங் வழியாகத்தான் போகிறது. கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து காரில் பண்டமாரான் போய்விடலாம். மலேசிய அணி ஆடும் நாளாகப் பார்த்துப் போங்கள். அடுத்த சுப்பையா அங்கே பந்து வீசிக்கொண்டிருக்கலாம்.