சராசரியும் சமத்துவமும்: ஐக்கிய அமெரிக்க மாணாக்கரின் கணித அடைவு, 1973 – 2023

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் பாடவிதான மாற்றங்களையுமே ஆதாரங்களாகக் கொள்வர். வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்றனர் என்பதற்குத் தொடர்ச்சியான சான்றுகள் அரிதாகவே கிடைப்பது இதற்குக் காரணமாகும். இவ்வகையில் ஐக்கிய அமெரிக்கா ஒரு விதிவிலக்கு எனலாம். அங்கு 9, 13, 17 வயது மாணாக்கரின் கணித அறிவு 1973ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தன்மையான வினாக்களைக் கொண்டு அளவிடப்பட்டு வந்துள்ளது. அந்த அரை நூற்றாண்டுச் சான்றை இனம், பால், வர்க்கம் என்னும் பிரிவுகளின் அடிப்படையில் நோக்கி, மாணாக்கர் பிரிவுகளுக்கிடையிலான இடைவெளி எக்காலத்தில் ஒடுங்கிற்று, எக்காலத்தில் அவ்வொடுக்கம் நின்றுபோயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவுகோல்

கல்வி முன்னேற்றத்துக்கான தேசிய மதிப்பீடு என்னும் திட்டம் 1969ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னோடியாக அமைந்த குழுவுக்குக் கல்வியியலாளர் றல்ஃப் ரைலர் தலைமை தாங்கினார். பாடசாலைகள் உள்ளூர் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்ற மரபு வேரூன்றிய நாட்டில், சமஷ்டி அரசு பரீட்சை நடத்துவதைப் பலர் ஐயுறவுடன் நோக்கினர். ஆதலின் தனி மாணாக்கரின் புள்ளியோ, பாடசாலையின் புள்ளியோ, மாநிலத்தின் புள்ளியோ வெளியிடப்படமாட்டாது என்ற ஏற்பாட்டுடனேயே திட்டம் தொடங்கிற்று. எவரையும் தரம்பிரிப்பதற்கோ, எவருக்கும் இடம் மறுப்பதற்கோ பயன்படாத பரீட்சையாக அது அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. மாதிரியெடுப்பு முறையில் தெரிவுசெய்யப்பட்ட மாணாக்கர் எழுதும் விடைகள் 0 முதல் 500 வரையான அளவுத்திட்டத்தில் மதிப்பிடப்படுகின்றன. அவ்வளவுத்திட்டம் பிற்காலத்தில் வகுக்கப்பட்டதாகையால், 1973ஆம் ஆண்டுக்குரிய புள்ளிகள் பின்னோக்கிக் கணிக்கப்பட்டவை என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும்.

இத்திட்டம் தோன்றிய காலம் கடுமையான கருத்துப் போராட்டத்தின் காலமாகும். 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் பணித்தவாறு, ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணாக்கரை உட்படுத்திய ஆய்வொன்று நிகழ்ந்தது. 1966இல் வெளிவந்த அதன் அறிக்கை, கறுப்பின மாணாக்கருக்கும் வெள்ளையின மாணாக்கருக்கும் இடையே நிலவிய பெரும் அடைவு வேறுபாட்டை எடுத்துக்காட்டியது. 1969இல் ஆதர் ஜென்சன் என்னும் உளவியலாளர், பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஈடுசெய் கல்வி தோல்வியுற்றது என்றும், இனங்களுக்கிடையிலான வேறுபாட்டில் மரபுரிமைக்கும் பங்கிருக்கலாம் என்றும் வாதிட்டார். அவரது வாதம் சரியாயின், அடுத்துவரும் ஆண்டுகளில் இடைவெளி பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். தேசிய மதிப்பீட்டின் தொடர்வரிசை, எவரும் அவ்வாறு திட்டமிடாதபோதிலும், இவ்வினாவுக்கான வரலாற்றுச் சோதனையாக அமைந்துவிட்டது.

2. இடைவெளி ஒடுங்கிய காலம்

1973இல் 13 வயது வெள்ளையின மாணாக்கரின் சராசரி 274. அதே வயதுக் கறுப்பின மாணாக்கரின் சராசரி 228. வேறுபாடு 46 புள்ளிகள். இதன் பருமனை உணர்வதற்கு ஓர் ஒப்பீடு உதவும். அதே ஆண்டில் நாட்டின் 9 வயது மாணாக்கர் அனைவருக்குமான சராசரி 219. 13 வயதினருக்கான சராசரி 266. அதாவது, நான்கு ஆண்டுப் பாடசாலைக் கல்வி ஏற்படுத்தும் வேறுபாடு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு வேறுபாடு ஒரே வயதினரான இரு பிரிவினருக்கிடையே நிலவியது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1986இல், கறுப்பின மாணாக்கரின் சராசரி 249ஆக உயர்ந்திருந்தது. இடைவெளி 24 புள்ளிகளாகக் குறைந்தது. வெள்ளையின மாணாக்கரின் சராசரி அப்பொழுதும் 274 ஆகவே இருந்தமை முக்கியமானது. ஒரு பிரிவினர் மேலெழுந்தமை மற்றப் பிரிவினரைக் கீழிறக்கவில்லை. 17 வயதினரிடையே 1973இல் 40 புள்ளிகளாக இருந்த இடைவெளி 1990இல் 21 புள்ளிகளாயிற்று. 1986இல் 13 வயதினராயும் 1990இல் 17 வயதினராயும் சோதிக்கப்பட்டவர்கள் ஒரே தலைமுறையினர். 1973ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 1973இல் சோதிக்கப்பட்ட 13 வயதினரோ 1960ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். இவ்விரு தலைமுறைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மரபணுக்கள் மாறிவிடவில்லை, சமுதாயம் மாறிற்று.

மாறியது எது என்பதைச் சுருக்கமாக நோக்கலாம். 1964ஆம் ஆண்டுச் சட்டம் இனப்பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்குச் சமஷ்டி அரசின் நிதியைத் தடைசெய்தது. 1965ஆம் ஆண்டின் ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டம் வறிய பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளுக்குப் பெருந்தொகை நிதியை ஒதுக்கிற்று. முதலாவது சட்டத்தின் தடையும் இரண்டாவது சட்டத்தின் நிதியும் ஒன்றுசேர்ந்தபோதே தென் மாநிலங்கள் அசைந்து கொடுத்தன. 1968இலும் 1971இலும் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் பெயரளவிலான ஒருங்கிணைப்பை நிராகரித்தன. இவற்றின் விளைவாக, வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாயுள்ள பாடசாலைகளிற் பயின்ற தென் மாநிலக் கறுப்பின மாணாக்கரின் விகிதம் 1964இல் 2.3 சதவீதமாக இருந்து, 1970இல் 33 சதவீதமாக உயர்ந்தது.

மாற்றம் பாடசாலையுடன் நின்றுவிடவில்லை. 1966இல் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தபோது, அதன் நிதியைப் பெற விரும்பிய தென் மாநில மருத்துவமனைகள் நிறப்பிரிவினையைக் கைவிட நேர்ந்தது. கறுப்பினத் தாய்மாரும் சிசுக்களும் அதுவரை மறுக்கப்பட்ட சிகிச்சையைப் பெற்றனர். இவ்வாறு பிறந்து வளர்ந்த தலைமுறையே பின்னர் பரீட்சைகளில் முன்னேற்றங் காட்டிற்று என்பதைக் கென்னத் சே, ஜொனதன் குர்யன், பாஷ்கர் மசும்தர் ஆகிய பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். கறுப்பினப் பெற்றோரின் கல்வித்தகைமை உயர்ந்தமையும் குடும்பங்கள் சிறுத்தமையும் துணைக் காரணங்களாகும். ஆயின், 1994இல் டேவிட் கிறிஸ்மரும் பிறரும் செய்த ஆய்வின்படி, குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் இம்முன்னேற்றத்தின் ஒரு பகுதியையே விளக்குகின்றன. எஞ்சியதற்குப் பொது முதலீட்டையும் பாடசாலைச் சீர்திருத்தத்தையுமே நாம் நாடவேண்டியுள்ளது.

3. சராசரி ஏற்படுத்திய மயக்கம்

இம்முன்னேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நாட்டின் கல்வி சீரழிகின்றது என்ற கூக்குரலே பொதுமக்களின் செவியில் விழுந்தது என்பது வரலாற்று முரணாகும். 1983இல், றீகன் ஆட்சிக் காலத்தில், தேசிய ஆணைக்குழுவொன்று ‘அபாயத்தில் ஒரு தேசம்’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. எஸ்.ஏ.ரி. எனப்படும் கல்லூரி அனுமதிப் பரீட்சையின் சராசரிக் கணிதப் புள்ளி 1963க்கும் 1980க்கும் இடையே ஏறத்தாழ 40 புள்ளிகள் வீழ்ந்தமை அதன் முக்கிய சான்றுகளுள் ஒன்றாகும்.

அப்பரீட்சையை எழுதுவோர் நாட்டு மாணாக்கரின் மாதிரியல்லர். கல்லூரி செல்ல விரும்பித் தாமே முன்வருவோர். முன்னர் வசதிபடைத்தோர் மகாரே பெரும்பாலும் எழுதிய பரீட்சையை 1960களில் தொழிலாளர், சிறுபான்மையினர் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினர். 1970 வரையான வீழ்ச்சியின் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை, எழுதுவோரின் சேர்க்கை மாறியமையால் ஏற்பட்டதென வில்லார்ட் வேர்ட்ஸ் தலைமையிலான குழு 1977இலேயே கணித்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் சாண்டியா தேசிய ஆய்வுகூடத்தின் ஆய்வாளரும் இதையொத்த முடிவுக்கே வந்தனர். மாணாக்கரைப் பிரிவு பிரிவாக நோக்கின் புள்ளிகள் பெரும்பாலும் நிலையாக நின்றன அல்லது உயர்ந்தன. ஆகவே, வாயில் அகலத் திறக்கப்பட்டமையே வீழ்ச்சியாகத் தோற்றியது. 1970க்குப் பிந்திய வீழ்ச்சி முழுவதையும் இவ்வாறு விளக்கிவிட முடியாது என்பது உண்மையே. எனினும் அறிக்கை எழுப்பிய பீதி இவ்வேறுபாடுகளைக் கருத்திற் கொள்ளவில்லை.

தேசிய மதிப்பீட்டிலும் இதே மயக்கம் உண்டு. 1973க்கும் 2012க்கும் இடையே 17 வயதினரின் பொதுச் சராசரி 304இலிருந்து 306ஆகவே மாறியது. நாற்பதாண்டு முயற்சியின் பயன் இரண்டு புள்ளிகளா என வினவியோர் பலர். ஆயின் அதே காலத்தில் வெள்ளையின மாணாக்கர் 4 புள்ளிகளும், இஸ்பானிய வழியினர் 17 புள்ளிகளும், கறுப்பின மாணாக்கர் 18 புள்ளிகளும் உயர்ந்திருந்தனர். ஒவ்வொரு பிரிவும் முழுமையைவிட அதிகமாக உயர்வது எங்ஙனம்?

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். 100 மாணாக்கருள் 80 பேர் 310 புள்ளியும் 20 பேர் 270 புள்ளியும் பெறின் சராசரி 302 ஆகும். பின்னர் முதற் பிரிவினர் 60 பேராகக் குறைந்து 314 புள்ளியும், இரண்டாம் பிரிவினர் 40 பேராகப் பெருகி 290 புள்ளியும் பெறின் சராசரி 304.4 ஆகும். ஒரு பிரிவு 4 புள்ளியும் மற்றையது 20 புள்ளியும் உயர்ந்தும், மொத்த உயர்வு 2.4 மட்டுமே. புள்ளிவிபரவியலார் சிம்சனின் முரண் என வழங்குவதும் இவ்வகையானதே. ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளையின மாணாக்கரின் பங்கு 1978இல் ஏறத்தாழ ஐந்தில் நான்காக இருந்து, 2012இல் பாதியை அண்மித்திருந்தது. குடித்தொகை மாற்றத்தை அறியாது சராசரியை மட்டும் நோக்குபவர், மிகப் பின்தங்கியிருந்த பிள்ளைகளின் உழைப்பையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றனர்.

4. தேக்கமும் பின்னடைவும்

இடைவெளியின் ஒடுக்கம் 1980களின் இறுதியில் நின்றது. 13 வயதினரிடையே 1986இல் 24ஆக இருந்த வேறுபாடு 1999இல் 32ஆயிற்று. 17 வயதினரிடையே 1990இல் 21ஆக இருந்தது 1999இல் 31ஆயிற்று. இதற்கான காரணங்கள் குறித்து ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. எனினும் சில நிகழ்வுகளை ஒருங்கே வைத்து நோக்குதல் தகும். 1974இல், டெற்றொயிற் நகர் தொடர்பான வழக்கில், புறநகர்ப் பாடசாலை வட்டாரங்களை ஒருங்கிணைப்பில் உட்படுத்த உயர் நீதிமன்றம் மறுத்தது. இதனால் வட மாநிலப் பெருநகர்களில் ஒருங்கிணைப்பின் எல்லை நகர எல்லையாயிற்று. அந்நகர்களிலிருந்து தொழிற்சாலைகள் வெளியேற, வேலையின்மையும் வறுமையும் கறுப்பினக் குடியிருப்புகளில் செறிந்தன. இதனைச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் விரிவாக ஆராய்ந்தார். 1991இல் உயர் நீதிமன்றம் ஒருங்கிணைப்பு ஆணைகளை நீக்குவதற்கும் வழிவகுத்தது. தென் மாநிலங்களில் முன்னர் கூறப்பட்ட விகிதம் 1988இல் 43.5 சதவீதம் என்னும் உச்சத்தை எட்டியபின் இறங்கலாயிற்று.

தேக்கம் முழுமையானதன்று. 2012இல் 9 வயதுக் கறுப்பின மாணாக்கரின் சராசரி 226. இது 1973இல் 9 வயது வெள்ளையின மாணாக்கர் பெற்ற 225ஐ எட்டிவிட்டது. ஆயினும் வெள்ளையின மாணாக்கர் அதற்குள் 252ஐ அடைந்திருந்தனர்.

பால்நிலை வேறுபாடு வேறொரு போக்கைக் காட்டுகின்றது. 9 வயதில் ஆண், பெண் பிள்ளைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 17 வயதினரிடையே 1973இல் 8 புள்ளிகளாக இருந்த வேறுபாடு 2012இல் 4 ஆயிற்று; பெண்கள் உயர்ந்தமையே காரணம். அட்சரகணிதத்துக்கு அப்பாற்பட்ட கணித வகுப்புகள் பெண்களுக்குத் திறக்கப்பட்டபோது, இயற்கையானதெனக் கருதப்பட்ட வேறுபாட்டின் பாதி மறைந்தது.

வர்க்க அடிப்படையிலான இடைவெளியைப் பொறுத்தவரை சான்றுகள் ஒருமுகப்பட்டவையல்ல. செல்வந்தர், வறியோர் பிள்ளைகளுக்கிடையிலான அடைவு வேறுபாடு 1970களின் பின்னர் பெருகிற்று என ஷோன் றியர்டன் 2011இல் முடிவுசெய்தார். எறிக் ஹனுஷெக்கும் பிறரும் 2019இல் அது அரை நூற்றாண்டாகப் பெரிதும் மாறவில்லை எனக் கூறினர். பெருகிற்றோ, மாறாதிருந்ததோ, குறைந்தது என இவ்விரு ஆய்வுகளும் கூறவில்லை என்பதே இங்கு கவனிக்கற்பாலது.

2012இன் பின்னர் நிலை தலைகீழாயிற்று. 13 வயதினரின் பொதுச் சராசரி 285இலிருந்து 2020இல் 280ஆக வீழ்ந்தது. அம்மதிப்பீடு பெருந்தொற்றுக்காகப் பாடசாலைகள் மூடப்படுமுன்னரே நிகழ்ந்தது. வீழ்ந்தோரும் பெரும்பாலும் அடிமட்டத்தில் இருந்தோரே. பெருந்தொற்றின் பின் 2023இல் அச்சராசரி 271ஆயிற்று. வெள்ளையின மாணாக்கர் 6 புள்ளிகளையும், இஸ்பானிய வழியினர் 10 புள்ளிகளையும், கறுப்பின மாணாக்கர் 13 புள்ளிகளையும் இழந்தனர். கறுப்பின – வெள்ளையின இடைவெளி 42 புள்ளிகளாயிற்று. அது 1978இல் இருந்த அதே அளவாகும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, இடைவெளி இயற்கையின் நியதியன்று. பதின்மூன்று ஆண்டுகளில் பாதியளவாகக் குறையக்கூடிய ஒன்று, சமுதாய ஏற்பாட்டின் விளைவேயாதல் வேண்டும். இரண்டாவது, ஒருமுறை குறைந்தது மீண்டும் குறைந்தே இருக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமுமில்லை. சட்டமும் நிதியும் மக்கள் இயக்கமும் ஒருங்கே செயற்பட்ட காலத்தில் பெறப்பட்டது, அவை தளர்ந்த காலத்தில் கரைந்துபோயிற்று.

இவ்வுண்மைகளை நாம் அறிய முடிந்தமைக்குக் காரணம், எவரையும் தண்டியாத ஓர் அளவுகோல் ஐம்பதாண்டுகளாகப் பேணப்பட்டமையே. அதுவும் இன்று ஐயத்துக்கிடமாயுள்ளது. 17 வயதினர் 2012இன் பின்னர் இத்தொடர்வரிசையில் அளவிடப்படவில்லை. 2020இல் பெருந்தொற்று அதனைத் தடுத்தது. 2025இல் நடைபெறவிருந்த மதிப்பீட்டைச் சமஷ்டி அரசே இரத்துச்செய்தது. அளவிடப்படாத அநீதியை இல்லாத அநீதியெனக் கூறுதல் ஆள்வோர்க்கு எளிது. சராசரிக்குள் மறைந்துள்ள பிள்ளைகளைத் தேடிக் காண்பது ஆய்வாளரின் கடன்; அக்கடனைச் செய்வதற்கான சான்றுகள் அழியாது காக்கப்படுவது மக்கள் அனைவரினதும் உரிமையாகும்.