விட்டுட்டு வந்ததும் கொடுத்துட்டு வந்ததும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அமைப்பைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நம்ம முகம், நம்ம நிறம். தமிழில் ஒரு சொல் வரவில்லை. எழுபதுகளின் கடைசியில், ஏழு வயதில், தத்துப்பிள்ளையாக விமானம் ஏற்றப்பட்டவர். கையில் ஒரு பழைய காகிதத்தின் நகல் வைத்திருந்தார். அதில் அவரை அநாதை என்று எழுதியிருந்தது. "எனக்கு அம்மா இருந்தாங்க. அவங்கதான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி அந்த ஹோம்ல விட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கைக்குழந்தைக்கு நினைவிருக்காது. ஏழு வயசுப் பிள்ளை ஒரு சாட்சி. தாயின் முகம், தெரு, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் அதற்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையைக் காகிதம் எப்படி அநாதையாக்கியது? இதைத் தேடிப் படிக்கப்போய் நான் கொரியாவில் வந்து நின்றேன். நாடு கடந்த தத்து பெரிய அளவில் வேர் பிடித்தது அங்கேதான்.

கொரியப் போர் 1953-இல் ஓய்ந்தது. அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளை அந்தச் சமூகம் இழிவாகப் பார்த்தது. அன்று தகப்பன் வழியில்தான் குடும்பப் பதிவேடு இருந்தது. ரத்தத் தூய்மை, குலப் பெருமை எல்லாம் அங்கேயும் உண்டு. இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை. ஹாரி ஹோல்ட் என்ற ஆரிகன் மாநில விவசாயி 1955-இல் கொரியா போய் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. ஆனால் அவரைப்போல் எல்லோரும் நேரில் போகவில்லை. பதிலாள் மூலம் தத்தெடுத்து, பிள்ளையின் முகத்தை முதன்முதலாக விமான நிலையத்தில் பார்த்தவர்கள் ஏராளம். கடல் கடந்தது பெற்றோர் அல்ல, பிள்ளைகள்.

அனுப்புவதற்கு வசதியாகப் பிள்ளையின் பெயரில் தனியாக ஓர் அநாதைப் பதிவேடு உண்டாக்கினார்கள். பெற்றவள் உயிரோடு இருப்பாள். பதிவேட்டில் பிள்ளைக்கு யாருமே இருக்க மாட்டார்கள். பின்னால் நாடு பணக்கார நாடானது. ஆனாலும் அனுப்புவது நிற்கவில்லை. கலப்பினப் பிள்ளைகளின் இடத்துக்கு ஏழைகளின் பிள்ளைகளும் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளும் வந்தார்கள். 1985 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 8,800 பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். வளர்ந்து திரும்பி வந்தவர்கள் போராடினார்கள். 2025 மார்ச்சில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பெற்றோர் இருந்தும் அநாதை என்று ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும், அரசு அதைத் தடுக்கத் தவறியதையும் உறுதி செய்தது. சாட்சிகள் பேசியதால் கிடைத்த தீர்ப்பு அது.

இங்கே என்ன நடந்தது? அன்று வெளிநாட்டவர் இந்தியாவில் தத்தெடுக்கச் சட்டம் இருக்கவில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளராகி, பிள்ளையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தத்தெடுத்தார்கள். இதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். மூன்று வயதுக்குள் தத்து கொடுப்பது நல்லது, ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் அதன் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றது தீர்ப்பு. எங்கள் அக்கா போய்ச் சில ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. அவரை யாரும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இங்கே தத்தெடுக்க வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையைத்தான். ஏழு, எட்டு வயதுப் பிள்ளையைக் காட்டினால், "யாரு பெத்ததோ, என்னா ஜாதியோ" என்ற பேச்சு வந்துவிடுகிறது. பழைய இந்து சட்டத்தில் ஒரே சாதிக்குள்தான் தத்து. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து முன்னெடுத்த இந்து சட்ட மசோதா, திருமணத்திலும் தத்திலும் சாதியை ஒழித்தது. சனாதனிகள் அதை முடக்கினார்கள். 1951-இல் அவர் பதவி விலகினார். 1956-இல் வந்த தத்துச் சட்டத்தில் சாதி நிபந்தனை இல்லை. சட்டம் விட்டது, வீடு விடவில்லை. அதனால்தான் வளர்ந்த பிள்ளையைத் தேடிக் கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே யாருமற்ற ஒரு பிள்ளைக்கு அந்தப் பயணம் வாழ்வு கொடுத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

அக்காவோடு இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஒரு சேரியில் அவருடைய சின்னம்மாவைக் கண்டுபிடித்தோம். தாய் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கிழவி சொன்னது அப்படியே: "கூலிக்குப் போறவ, பொம்பளப் புள்ளைய எங்க உடுவா? சோறு போட்டுப் படிக்க வெக்கிறோம்னாங்க. கைநாட்டு வெச்சிட்டு உட்டுட்டு வந்தா. பொங்கலுக்குக் கூட்டியாரப் போனா, புள்ள இல்லன்னுட்டாங்க. உட்டுட்டுத்தாம்மா வந்தா, குடுத்துட்டு வரல."

விட்டுட்டு வருவது வேறு, கொடுத்துட்டு வருவது வேறு. நம் ஜனங்களுக்கு ஹோம் என்றால் ஹாஸ்டல். பஞ்சத்துக்கு விடுவார்கள், லீவுக்குக் கூட்டி வருவார்கள். கைநாட்டு வாங்கியவனுக்கு இது தெரியாதா? தெரிந்தே அந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்கினான். அவன் எழுதிய காகிதம் ஒரு தாயை உயிரோடு கொன்றது.

1993-இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. 2003-இல் இந்தியாவும் அதை ஏற்றது. பிள்ளையின் பிறப்பு பற்றிய விவரங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது அது. அந்தப் பழைய கோப்புகள் திரும்பி வருகிறவர்களுக்குத் திறக்கப்பட வேண்டும். கைநாட்டு வைத்தவர்களின் பக்கத்தை எழுதுவது நம் வேலை. தாய்மார்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஹோமில் விட்ட பிள்ளையை இன்னும் தேடுகிற கிழவி யாராவது இருந்தால், இந்த மாதமே போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.