வெள்ளத்தின் காலமும் நிதிநல்கையின் காலமும்

ஆற்றுச் சூழலியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்று, 1980இல் ராபின் வானட் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட ‘ஆற்றுத் தொடர்ச்சி’க் கோட்பாடு. ஊற்றிலிருந்து கழிமுகம் வரை ஆறு படிப்படியாக மாறுகிறது. மேட்டு ஓடையில் உதிர்ந்த இலைகளைத் துணுக்காக்கும் பூச்சிகள் வாழ, கீழே போகப்போக அத்துணுக்குகளை வடித்துத் தின்னும் உயிர்கள் பெருகுகின்றன என்பது அதன் சாரம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் பென்சில்வேனியா, மிச்சிகன், ஐடஹோ, ஓரிகான் மாநிலங்களின் நீரோடைகளில் அளவெடுத்துக் கட்டிய கோட்பாடு இது. கரை தாண்டி மாதக்கணக்கில் காட்டுக்குள் நிற்கும் வெள்ளம் அந்த ஓடைகளுக்குப் பழக்கமில்லை. கோட்பாட்டிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

மறுப்பு அமேசானிலிருந்து வந்தது. வுல்ஃப்காங் யுங்க், பீட்டர் பெய்லி, ரிச்சர்டு ஸ்பார்க்ஸ் மூவரும் 1989இல் முன்வைத்த ‘வெள்ளத் துடிப்பு’க் கோட்பாட்டின்படி, பேராற்றின் உயிர்வளத்தைத் தீர்மானிப்பது மேலிருந்து வரும் சரக்கு அன்று, ஆண்டுதோறும் ஏறி இறங்கும் வெள்ளமும் அது தொட்டுத் திரும்பும் சமவெளியுமே. மனாவுஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் பதிவாகி வருகிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் ஏற்ற இறக்கம் இயல்பு. தம்பாக்கி என்னும் பெருமீன் வெள்ளத்தோடு காட்டுக்குள் நீந்திச் சென்று, மரங்கள் உதிர்க்கும் கனிகளையும் விதைகளையும் மென்று கொழுக்கிறது. ஆற்றுவாய்க்காலில் மட்டும் வலை போடுபவருக்கு இந்த மீனின் வாழ்க்கையில் பாதி தெரியாது.

யுங்க் குழுவுக்கு மறுபாதியும் தெரிந்ததற்கு அறிவுக்கூர்மை மட்டும் காரணமன்று. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நன்னீரியல் நிறுவனம் பிரேசிலின் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தோடு 1960களில் தொடங்கிய கூட்டுறவு, பல பதின்மங்கள் நீடித்த பணத்தையும் ஆட்களையும் தந்தது. வெள்ளச் சமவெளிப் புல் ஒன்று ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 99 டன் உலர்பொருள் உண்டாக்குகிறது என்று மரியா தெரேசா பியடாடேயும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் காட்டியது அந்தச் சூழலில்தான். நீர் ஏற ஏறத் தண்டை நீட்டி மேலெழும் புல்லை வெள்ளம், வடிதல் என இரு பருவங்களிலும் விடாது அறுத்து எடைபோட்டாலொழிய அந்த எண் கைக்கு வராது.

நீண்ட பணம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு புல் இருக்கையில் சமவெளி மீன்கள் அதைத் தின்றே வளர்கின்றன என்று எண்ணுவது இயல்பு. 1986இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு மீன்சதையின் கரிம ஐசோடோப்புகளை அளந்து, மட்கு தின்னும் மீன்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப்பாசி முக்கிய உணவாதாரம் என்று நிறுவியது. ஒரு கூர்மையான கேள்விக்குப் பல பதின்ம ஆண்டுக் காத்திருப்பு தேவையில்லை. ஆனால் மெல்ல நிகழும் சேதத்துக்கு அது பொருந்தாது.

அதற்குச் சான்று பல்பீனா அணை. மனாவுஸுக்கு வடகிழக்கே, உவாத்துமா ஆற்றில் 1987இல் மதகு மூடி நீர் தேக்கப்பட்டது. 250 மெகாவாட் மின்சாரத்துக்காக 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு மூழ்கியதை எல்லாரும் பேசினார்கள். அணைக்குக் கீழே நடந்ததைப் பேச ஆள் குறைவு. அங்கே வெள்ள உச்சம் தாழ்ந்தது, கோடைத் தாழ்மட்டமோ உயர்ந்தது. தாழ்வான இடத்து மரங்களுக்கு வேர் உலரும் பருவமே இல்லாமல் போயிற்று. மாதக்கணக்கில் நீருக்குள் நிற்கத் தெரிந்த மரங்கள்தாம் அவை. ஆண்டு முழுதும் நிற்கத் தெரியவில்லை. வெள்ளக்காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால் இம்மரங்களில் ஆண்டு வளையம் விழுகிறது. செத்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்து எது எப்போது மடிந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கீழ்க்கரையோர வெள்ளக்காட்டில் சுமார் 12 விழுக்காடு அழிந்துவிட்டது என்ற கணக்கு அச்சேறியது 2019இல், அணை மூடி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. மூன்றாண்டு நல்கை ஒன்று 1990இல் முடிந்திருந்தால், காடு நலம் என்றே அறிக்கை எழுதியிருக்கும். அந்த அறிக்கையில் பொய்யும் இருந்திராது.

வளையம் விழாத உயிர்களுக்கு இந்தப் பின்னோக்கிய கணக்கும் வாய்க்காது. மீன் செத்தால் சுவடில்லை. முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தால்தான் உண்டு.

நீண்ட நிதி எங்கிருந்து வரும்? விஞ்ஞானிகளின் நல்லெண்ணத்தை நம்பாத ஒரு வழி மிசிசிப்பியில் உண்டு. ஆல்ட்டன் நகரருகே கப்பல் போக்குவரத்துக்காக இரண்டாம் நீர்ப்பூட்டு கட்ட அனுமதித்த 1986ஆம் ஆண்டு நீர்வளச் சட்டமே, மேல் மிசிசிப்பியில் நீண்டகாலக் கண்காணிப்புக்கும் பணம் ஒதுக்க வழி செய்தது. ராணுவப் பொறியாளர் படையின் வரவுசெலவில் அது வருகிறது. கப்பல்காரர்களும் சூழலியலாளர்களும் செய்துகொண்ட பேரம் என்று இதை முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். பேரம் என்பதால்தான் அது நிலைத்தது என்பதே சரியான கணிப்பு. இந்தக் கண்காணிப்பில் சேர்ந்த இல்லினாய் ஆற்றில் 2000 வாக்கில் ஆசியக் கெண்டைகள் பெருகியபின் இரு உள்ளூர் மீன்வகைகள் மெலிந்துபோனதை 2007இல் காட்ட முடிந்தது, அதற்கு முன்பிருந்தே அவற்றின் நீளமும் எடையும் குறித்து வைக்கப்பட்டிருந்ததால்.

மறுபக்கம், பிளூன் நகரில் இருந்த அந்த மாக்ஸ் பிளாங்க் நன்னீரியல் நிறுவனம் 2007இல் பரிணாம உயிரியல் நிறுவனமாக மாறிவிட்டது. ஒரு நாட்டின் ஆய்வுக் கொள்கை திரும்பினால் இன்னொரு நாட்டின் ஆறு கவனிப்பாரற்றுப் போகும் ஏற்பாடு அது. மனாவுஸின் நீர்மட்டம் 2021இல் 30.02 மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டு, 2023இல் 12.70 மீட்டருக்கு விழுந்து, 2024இல் அதற்கும் கீழே இறங்கியது. துடிப்பே தடுமாறும் இக்காலத்தில், கண்காணிப்புப் பணத்தை அணை உரிமத்தின் விதியாகவே எழுதி, அதை மின்விற்பனை வருவாயில் பிடித்தம் செய்து, மதகு மூடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அளவெடுப்பைத் தொடங்க வைப்பதுதான் செயல்படக்கூடிய வழி.