ஈயத்தாளில் வெட்டிய வார்கள்

போர்வீரர் உருவங்களைச் சிறிதாக்கிச் செய்யும் கலையில் முகமும் சீருடையுமே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும், விளையாட்டுப் பொம்மை எப்போது அசலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிய அளவுமாதிரியாக மாறியது என்பதைத் துல்லியமாகக் காட்டுபவை, தோளிலும் இடுப்பிலும் ஓடும் வார்களே.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் பலகைக்கல்லில் செதுக்கிய அச்சுகளில் வெள்ளீயக் கலவையை ஊற்றி வார்த்த தட்டை உருவங்களில் வார் என்பது பரப்பில் சற்றே எழும்பிய கோடுதான். அதை வாராகக் காட்டும் பொறுப்பு வண்ணம் தீட்டுபவருடையது. லண்டனில் 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம், உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவில் எஞ்சியதை வெளியே கொட்டிவிடும் உள்ளீடற்ற வார்ப்பைப் புகுத்திச் சிப்பாய்களை மலிவாக்கியபோதும் இந்நிலை மாறவில்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 50 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் கொண்ட தோல்வார், 35-இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஏறத்தாழ 1.4 மி.மீ. அகலமும் 0.09 மி.மீ. தடிப்பும் மட்டுமே பெறும். இவ்வளவு மெல்லியதாய், உடலை விட்டு விலகித் தொங்கும் ஒன்றை உருவத்தோடு சேர்த்து ஒரே வார்ப்பில் எடுப்பது அரிது.

1960-களில் பிரான்சின் ஹிஸ்டோரெக்ஸ் நிறுவனம் நெப்போலியன் காலப் படையினரை 54 மி.மீ. பிளாஸ்டிக் உருவங்களாக வெளியிட்டபோது, வாளுறை, தோட்டாப் பை, சேணம் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகத் தந்தது. வார்களைத் தாமே செய்யத் தொடங்கியவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையும் தாளையும் கையாண்டதோடு, ஒயின் புட்டியின் கழுத்தைச் சுற்றியிருந்த ஈயத்தாளையும் விரும்பி எடுத்தனர். தாள் மடித்த இடத்திலிருந்து மீண்டும் நிமிர முயல, ஈயமோ சுமையால் தொய்ந்த தோலைப்போல் படிந்து நிற்கும். நச்சுத்தன்மை கருதி அமெரிக்கா 1996-இல் அத்தகைய ஈய உறைகளைத் தடைசெய்தது.

மேலே கணக்கிட்ட 1/35 என்ற விகிதம் படைத்துறை ஆராய்ச்சியில் பிறந்ததன்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் பாந்தர் பீரங்கி வண்டிக்குள் மோட்டாரையும் பேட்டரிகளையும் அடக்கத் தேர்ந்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. இன்றைய குட்டி வார்களின் அகலத்தை ஒரு வகையில் பேட்டரியே தீர்மானித்தது எனலாம்.

அதன்பின் வந்தது ஒளி அரிப்பு முறை. ஒளியால் இறுகும் பூச்சு பூசிய பித்தளைத் தகட்டின் மேல் வரைபடத்தை வைத்து ஒளி பாய்ச்சி, பூச்சு நீங்கிய பகுதியை அமிலக் கரைசலால் அரித்து நீக்கும் இம்முறையில், ஊசிமுனை அளவுள்ள வார்ப்பூட்டுகளுக்கும் உண்மையான துளை கிடைத்தது. பூட்டுக்குப் பித்தளையை விஞ்சியது இல்லை. ஆனால் விறைப்பான அவ்வுலோகத்தில் வெட்டிய வார் எளிதில் தொய்வதில்லை என்பதால், வாருக்கு இன்றும் ஈயத்தாளே மேலானது.